பஃபரைப் பெருப்பித்தும் ஒலி திக்குகிறதா? எம்பெடெட் லினக்ஸ் ஒலி டிரைவரில் பிழை தேடுதல்

கேள்வி சுருக்கமாக இது: கொழும்பில் இறுதியாண்டு பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர், பஸ்ஸுக்குள் அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கும் சிறு பெட்டியொன்றைச் செய்திருக்கிறார். ஏஆர்எம் புரொசெசர் கொண்ட சிறு பலகை, அதனுடன் ஐடூஎஸ் என்ற ஒலித்தரவு இணைப்பு வழியாக இணைந்த, எண்களை ஒலியாக்கும் ஒரு கோடெக் சிப், லினக்ஸின் மையமான கேர்னல், லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவுக்காகப் பழைய மாதிரியொன்றைப் பார்த்து அவரே எழுதிய டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஆகியவை அதில் உள்ளன. "வெள்ளவத்தை" என்ற பெயர் நடுவில் வெட்டுப்பட்டு, "வெள்... ள... த்தை" என்று திக்கித் திக்கி வருகிறது. ஒலித்தரவு காத்திருக்கும் பஃபரை, இரண்டு பீரியட்கள் (சம துண்டுகள்) கொண்ட 2,048 ஃபிரேம்களிலிருந்து 8,192 ஃபிரேம்களாகப் பெருப்பித்தும் குறையவில்லை. ஒரு ஃபிரேம் என்பது ஒரு கணத்துக்கு உரிய எல்லாத் தடங்களின் ஒலி அளவுகள். கோடெக்கின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்களான ரெஜிஸ்டர்களில் எதைத் திருத்த வேண்டும் என்று கேட்கிறார்.

எந்த ரெஜிஸ்டரையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் உதவிய வரி, பஃபரைப் பெருப்பித்தும் குறையவில்லை என்பதுதான். ஒலி வெட்டுப்பட்டால் பஃபரைப் பெருப்பிப்பது, காய்ச்சல் என்றவுடன் பனடோல் போடுவதைப் போன்ற பழக்கம். பல வேளைகளில் அது கேட்கவும் கேட்கிறது. ஆனால் அது கேட்காதபோது, காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி நமக்கு ஒரு நல்ல குறிப்பு கிடைத்திருக்கிறது.

வெள்ளவத்தை மாடிவீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்குவது எளிது. கீழே இருக்கும் தொட்டியிலிருந்து மோட்டர் தண்ணீரை மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றுகிறது. தாங்கியிலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் ஒரு சிறு வாளியில் விழுகிறது. வாளியின் அடியில் மூடவே முடியாத ஒரு பைப் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் பைப்தான் கோடெக். அதன் கடிகாரம் செக்கனுக்கு 48,000 ஃபிரேம்களை, அதாவது 16 பிட் ஸ்டீரியோவில் 192,000 பைட்களை, கேட்டுக்கொண்டே இருக்கும். வாளி என்பது ஐடூஎஸ் கட்டுப்படுத்திக்குள் இருக்கும் ஃபைஃபோ என்ற சிறு வரிசை நினைவகம், குழாய் என்பது புரொசெசரின் உதவியின்றியே தரவை நகர்த்தும் டிஎம்ஏ, தாங்கி என்பது அல்சாவின் பஃபர், மோட்டர் என்பது கோப்பை வாசித்து எழுதும் உங்கள் நிரல். மோட்டரை எப்போது போடுவது என்று சொல்வதற்குத் தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறதல்லவா, அதுதான் ஒலி இப்போது பஃபரில் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் டிரைவரின் பொயின்டர் சார்பு. தாங்கியைப் பெரிதாக்குவது மோட்டர் பிந்தும் வீட்டுக்கு உதவும். குழாய் ஒடுங்கிய வீட்டுக்கோ மிதவை பொய் சொல்லும் வீட்டுக்கோ அது உதவாது.

ஆகவே முதலில் பிரித்தறிய வேண்டியது, கேர்னலுக்கே இந்தத் தட்டுப்பாடு தெரிகிறதா என்பதைத்தான். ஒலிக்கோப்பை ஒலிக்கவிடும் ஏபிளே நிரலைக் கொண்டு, இடையில் எந்த மாற்றமும் செய்யாத எச்டபிள்யூ சாதனத்தின் மீது நேரடியாக ஒலிக்க விடுங்கள். வடிவத்தை மாற்றித் தரும் பிளக் அடுக்கின் வழியாகப் போனால், 22,050 ஹேர்ட்ஸில் பதிந்த உங்கள் ஒற்றைத்தடக் குரல் வழியிலேயே 48,000 ஆக மாற்றப்படும். அப்போது எது டிரைவரின் குறை, எது மாற்றியின் குறை என்று சொல்ல முடியாமல் போய்விடும். நிரல் உரிய நேரத்தில் நிரப்பாவிட்டால் ஏபிளே அண்டர்ரன் (தரவுத் தட்டுப்பாடு) என்று அறிவித்து, எத்தனை மில்லிசெக்கன் தவறியது என்பதையும் காட்டும். உங்கள் சொந்த நிரலிலோ, எழுதும் சார்பு மறை 32 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும். இதைத்தான் அல்சா வட்டாரத்தில் எக்ஸ்ரன் என்கிறார்கள். ஏபிளே, நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால், வன்பொருள் அனுமதிக்கும் வரையில் அரைச் செக்கன் வரையான பஃபரை எடுத்து அதன் காற்பங்கைப் பீரியட் ஆக்கிக்கொள்ளும். அரைச் செக்கன் தாங்கி இருந்தும் எக்ஸ்ரன் வருமானால் புரொசெசர் உண்மையாகவே எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. எக்ஸ்ரன் ஒன்றுகூட வராமல் காதுக்கு மட்டும் வெட்டு கேட்டால், கேர்னல் எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. குறை அதற்குக் கீழே இருக்கிறது.

அடுத்து, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ப்ரொக் கோப்பு முறைமையின் அசவுண்ட் அடைவுக்குள் உங்கள் பிளேபெக் துணைச்சாதனத்துக்கு உரிய ஸ்டேட்டஸ் கோப்பைப் பத்துச் செக்கன் இடைவெளியில் இரண்டு முறை வாசியுங்கள். வன்பொருள் பொயின்டரின் இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 480,000க்கு அண்மையில் இருக்க வேண்டும். அதே பத்துச் செக்கனில், ஒவ்வொரு பீரியட் முடிவிலும் டிஎம்ஏ புரொசெசருக்கு அனுப்பும் இன்டரப்ட் என்ற சைகையின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: பீரியட் 1,024 ஃபிரேம்களாக இருந்தால் ஏறத்தாழ 469, பீரியட் 4,096 ஆக இருந்தால் ஏறத்தாழ 117. எண்ணிக்கை அதில் பாதியாக இருந்தால் இன்டரப்ட்கள் தொலைகின்றன அல்லது ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இந்த இரண்டு அளவீடுகளும் ஐந்து நிமிட வேலை. பிறகு வீணாகும் நாட்களை அவை மிச்சப்படுத்தும்.

உங்கள் விடயத்தில் எக்ஸ்ரன் வராது என்பதே என் எதிர்பார்ப்பு. அதற்குக் காரணம் நீங்கள் கொடுத்த எண்கள்தான். பஃபரை 2,048இலிருந்து 8,192 ஆக்கியபோது பீரியட்களின் எண்ணிக்கை கூடியதா, ஒவ்வொரு பீரியட்டின் நீளம் கூடியதா? பீரியட் இரண்டாகவே இருந்திருந்தால், ஒரு பீரியட் 21.3 மில்லிசெக்கனிலிருந்து 85.3 மில்லிசெக்கனாக வளர்ந்திருக்கிறதே தவிர, நிரலுக்குக் கிடைக்கும் தவணைகள் அதே இரண்டுதான். தாங்கி பெரிதானாலும் மிதவை அதே இடத்தில்தான் இருக்கிறது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், தொழிற்சாலையொன்றில் எச்சரிக்கைக் குரல் எழுப்பும் பெட்டிக்கு நான் எழுதிய டிரைவரில் இதே திக்கல் இருந்தது. இன்டரப்ட் வந்தவுடன், பீரியட் முடிந்துவிட்டது என்று கேர்னலுக்கு அறிவிக்கும் சார்பை முதலில் அழைத்துவிட்டு, எத்தனை பீரியட் முடிந்தன என்ற என் எண்ணியை அதற்கு அடுத்த வரியில் ஒன்றால் கூட்டியிருந்தேன். பார்வைக்கு எந்தப் பிழையும் இல்லை. ஆனால் அந்த அறிவிப்புச் சார்பு, திரும்பி வருவதற்கு முன்னரே என்னுடைய பொயின்டர் சார்பை அழைத்து "இப்போது எங்கே நிற்கிறாய்?" என்று கேட்கும், எண்ணி இன்னும் கூடாததால் நான் பழைய இடத்தைச் சொன்னேன். புதிதாக இடம் எதுவும் காலியாகவில்லை என்று முடிவு செய்த கேர்னல், உறங்கும் நிரலை எழுப்பவில்லை. அடுத்த இன்டரப்டில்தான் அது எழுப்பப்பட்டது. அதற்குள் இரண்டு பீரியட்களும் தீர்ந்து, சுழற்சியாக ஓடும் டிஎம்ஏ பழைய தரவின் தொடக்கத்தை மறுபடியும் ஒலிக்கத் தொடங்கியிருந்தது. நிரல் அவசரமாகப் புதிய தரவை அதன் மேல் எழுதியது. கேர்னலின் கணக்கிலோ இன்னும் ஒரு பீரியட் மிச்சம் இருந்தது, ஆகவே எக்ஸ்ரன் என்ற பேச்சே எழவில்லை. பத்துச் செக்கன் வித்தியாசமும் சரியாகவே வந்தது, ஏனென்றால் பிந்தியது மாறாத ஓர் அளவு மட்டும்தான். மூன்று நாட்கள் கோடெக்கின் கையேட்டைப் புரட்டிய பிறகு, இரண்டு வரிகளை இடம் மாற்றியதும் அது சரியானது. பீரியட்களை நான்காக்கியிருந்தால் அந்தப் பிழை வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படி ஒளிந்த நிலையில் ஓடும் டிரைவர்கள் உலகில் நிறையவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்களிடமும் இதுதானா என்று அறிவதற்கு ஒரு பரிசோதனை உண்டு. ஸ்பீக்கர் டெஸ்ட் நிரலால் 440 ஹேர்ட்ஸ் சைன் அலையை ஒலிக்கவிட்டு, கைத்தொலைபேசியிலேயே பதிந்து, ஓடாசிட்டியில் திறந்து, ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையிலான நேரத்தை அளவுங்கள். பேச்சில் வெட்டைத் தேடுவது கடினம். நமது காது விடுபட்ட அசையைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். பிறகு பீரியட்டின் நீளத்தை மட்டும் இரட்டித்து மீண்டும் அளவுங்கள். வெட்டுகளின் இடைவெளியும் இரட்டித்தால் குற்றவாளி பீரியட் எல்லையில் நிற்கிறான். இடைவெளி மாறாவிட்டால் அல்லது ஒழுங்கே இல்லாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும்.

பீரியட் எல்லையில் நிகழக்கூடிய வேறு தவறுகளும் உள்ளன. பொயின்டர் சார்பு பஃபருக்குள் இருக்கும் இடத்தை ஃபிரேம்களில் சொல்ல வேண்டும். பைட்களில் சொன்னால் 16 பிட் ஸ்டீரியோவில் நான்கு மடங்கு வேகமாக ஓடி, பஃபரின் காற்பகுதியைத் தாண்டியவுடன் எல்லைக்கு வெளியே போய்விடும். அப்போது கேர்னல் பொருந்தாத இடம் என்று செய்திப் பதிவில் முறையிடும். அந்தப் பதிவைக் காட்டும் டிமெசெக் வெளியீட்டை ஒரு முறையாவது படித்தீர்களா என்று கேட்பதற்கு மன்னிக்கவும், பெரும்பாலானோர் படிப்பதில்லை. இன்னொன்று, பஃபர் பீரியட்களின் முழு எண் மடங்காக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை டிரைவர் அறிவிக்காமல் விடுவது. அல்சா பொதுவாக அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. நிரல் 1,000 ஃபிரேம் பீரியட்டும் 4,096 ஃபிரேம் பஃபரும் கேட்டால் தாராளமாகக் கொடுத்துவிடும். நான்கு பீரியட்களுக்கு மட்டும் டிஎம்ஏ விவரணங்களை (எதை எங்கிருந்து நகர்த்துவது என்ற பட்டியலை) அமைத்த உங்கள் டிரைவர், மிச்சமிருக்கும் 96 ஃபிரேம்களை ஒவ்வொரு சுற்றிலும் தாண்டிப் போகும். இரண்டு மில்லிசெக்கன் மட்டுமே காணாமல் போனாலும் காதுக்கு அது தெளிவான வெட்டு.

உண்மையில் இத்தகைய கணக்குகளை நீங்களே எழுத வேண்டிய தேவை இன்று இல்லை. எம்பெடெட் சாதனங்களுக்கென்று, எடின்பரோவில் இருந்த வொல்ஃப்சன் மைக்ரோஇலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் முன்னின்று உருவாக்கிய ஏஎஸ்ஓசி என்ற அல்சா அடுக்கு 2007இல் 2.6.21 கேர்னலில் சேர்ந்தது. கோடெக்குக்கு ஒரு டிரைவர், புரொசெசரின் ஐடூஎஸ் பகுதிக்கும் டிஎம்ஏக்கும் ஒரு டிரைவர், இரண்டையும் பலகையில் இணைக்கும் மெஷின் டிரைவர் என்று அது வேலையை மூன்றாகப் பிரிக்கிறது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் வெட்டு பெரும்பாலும் நடுவில் உள்ளதில்தான் இருக்கும். கோடெக் டிரைவர் மணிக்கணக்கில் சும்மா இருக்கும் ஆள். உங்கள் பலகையின் டிஎம்ஏக்குக் கேர்னலில் டிஎம்ஏ எஞ்சின் என்ற பொது அமைப்புக்கு உரிய டிரைவர் இருக்குமானால், அதை ஒலியுடன் இணைக்கும் பொதுவான டிஎம்ஏ எஞ்சின் பிசிஎம் பகுதியைப் பதிவு செய்துவிட்டு உங்கள் கையெழுத்துப் பிரதியைத் தூக்கி எறியுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மிச்சம் எவ்வளவு என்பதை அந்த டிஎம்ஏ டிரைவர் எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது? சில டிரைவர்கள் ஒவ்வொரு பீரியட்டுக்கும் ஒரு முறை மட்டுமே சொல்லும். அவ்வாறானவை பேட்ச் என்ற கொடியை ஏற்றி வைக்கும். அந்தக் கொடியைக் கண்டால் பல்ஸ்ஓடியோ போன்ற ஒலிச் சேவையகம் நேரக்கணிப்பை விட்டுவிட்டு இன்டரப்டை நம்பி நடக்கும். உங்கள் டிரைவர் நுணுக்கம் இல்லாமலேயே கொடியையும் ஏற்றாவிட்டால், ஏபிளேயில் நன்றாக ஒலிப்பது பல்ஸ்ஓடியோவில் மட்டும் வெட்டுப்படும்.

வெட்டுக்குப் பதிலாக அப்பளம் பொரிவது போன்ற சடசடப்புக் கேட்டால் நான் புரொசெசரின் வேக நினைவகமான கேஷைச் சந்தேகிப்பேன். டிஎம்ஏ நினைவகத்தை நேரடியாக வாசிக்கிறது. நிரல் எழுதியது புரொசெசரின் கேஷிலேயே தங்கிவிட்டால் டிஎம்ஏக்குக் கிடைப்பது பழைய தரவு. 64 பைட் கேஷ் வரி என்றால் 16 ஃபிரேம், அதாவது மில்லிசெக்கனில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பழைய ஒலித்துணுக்குகள் புதிய ஒலிக்குள் தூவப்படும். பஃபரைச் சாதாரண கேர்னல் நினைவகத்தில் ஒதுக்காமல் டிஎம்ஏக்கென்றே உள்ள ஒத்திசைவான ஒதுக்கீட்டைக் கேட்டுப் பெற்றால் இது போய்விடும்.

குழாயும் வாளியும் இனி. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையின் முதல் பதிப்பில் இருந்த பிராட்காம் பிசிஎம்2835 சிப்பின் ஃபைஃபோ 64 சொற்கள் கொண்டது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு சொல் என்று வைத்தால் அது 32 ஃபிரேம், 48,000 ஹேர்ட்ஸில் 0.67 மில்லிசெக்கன். எட்டுச் சொற்கள் மிச்சம் இருக்கும்போதுதான் டிஎம்ஏயை அழைப்பது என்று வாசல் அளவை வைத்தால், எஞ்சியிருக்கும் அவகாசம் 83 மைக்ரோசெக்கன் மட்டுமே. திரையோ எஸ்டி அட்டையோ அதே பாதையில் நெரிசலை உண்டாக்கினால், காலை எட்டு மணிக்குக் கொழும்பின் காலி வீதி வாகன நெரிசலில் நிற்பது போல டிஎம்ஏ காத்து நிற்க வேண்டியதுதான். வாளி வற்றுவதை அல்சா அறியவே அறியாது; பஃபர் நிறைந்திருப்பதாகவே ஸ்டேட்டஸ் கோப்பு சொல்லிக்கொண்டிருக்கும். ஐடூஎஸ் கட்டுப்படுத்தியின் ஃபைஃபோ வறட்சிப் பிட்டை நீங்களே வாசித்து, ஒரு எண்ணியில் கூட்டிப் பாருங்கள். அந்த எண் கூடிக்கொண்டே போனால் வாசல் அளவை உயர்த்துங்கள், ஒரே முறையில் டிஎம்ஏ கொண்டுவரும் அளவை வாளியின் காலியிடத்துக்கு மிஞ்சாமல் வையுங்கள், டிஎம்ஏ தடத்தின் முன்னுரிமையைக் கூட்டுங்கள்.

எண்ணியில் கூட்டுங்கள் என்றேன். அச்சிடுங்கள் என்று சொல்லவில்லை. பிழை தேடுபவர்களே பிழையை உண்டாக்கும் இடம் இதுதான். 115,200 போட் தொடர் கொன்சோல் செக்கனுக்கு 11,520 எழுத்துகளைத்தான் அனுப்பும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிசெக்கன். இன்டரப்ட் கையாளிக்குள் கேர்னல் செய்தியை அச்சிடும் பிரிண்ட்கே வரிகள் மூன்றை வைத்தால், 1,024 ஃபிரேம் பீரியட் முழுவதும் அச்சிடுவதிலேயே கழியலாம். அதற்குப் பதிலாகக் கேர்னலின் தடம் பதியும் கருவியான எஃப்டிரேஸின் பதிவை உபயோகியுங்கள். அது நினைவகத்துக்குள் எழுதுவதால் நேரம் மிகக் குறைவு. கேர்னலை எக்ஸ்ரன் பிழைதேடல் தெரிவுடன் கட்டினால், அல்சாவின் சொந்த டிரேஸ் புள்ளிகள் பொயின்டரின் ஒவ்வொரு நகர்வையும் நேர முத்திரையுடன் காட்டும்.

எதிர்பார்ப்புக்கு மாறாக எக்ஸ்ரன் வந்தால், முதலில் எஸ்டி அட்டையைப் பாருங்கள். மலிவான அட்டைகள் எழுதும்போது நூற்றுக்கணக்கான மில்லிசெக்கன் பதில் சொல்லாமல் இருப்பதுண்டு. ஐந்து செக்கன் அறிவிப்பு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவானது. முழுவதையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒலித்தால் அட்டை என்ன செய்தாலும் கவலையில்லை. ஒலிக்கும் இழைக்கு எஸ்கெட் ஃபைஃபோ என்ற நிகழ்நேர முன்னுரிமை கொடுங்கள் (இந்த ஃபைஃபோ மேலே சொன்ன வாளி அல்ல). 2024இல் 6.12 கேர்னலுடன் சேர்ந்த நிகழ்நேரத் தெரிவை இதற்காக நாட வேண்டாம். 20 மில்லிசெக்கன் தவணையைத் தவறவிடும் இயந்திரத்துக்கு அதைவிட அடிப்படையான ஒரு நோய் இருக்கிறது.

கடிகாரத்தைக் கடைசிக்கு விட்டதன் காரணம், அதன் அறிகுறி வேறு என்பதே. 48,000 குடும்பத்துக்கு 12.288 மெகாஹேர்ட்ஸ், 44,100 குடும்பத்துக்கு 11.2896 மெகாஹேர்ட்ஸ் தேவை. 44,100 கோப்பை 12.288 மெகாஹேர்ட்ஸால் ஓட்டினால் பத்து நிமிடக் கோப்பு 9 நிமிடம் 11 செக்கனில் முடிந்து, அறிவிப்பாளர் அவசரப்படும் குழந்தையைப் போலப் பேசுவார், வெட்டு வராது. விதிவிலக்கு, கோடெக்கும் புரொசெசரும் இரண்டுமே பிட் கடிகாரத்தை ஓட்ட முயல்வது. அப்போது ஒலி சிதறும். பலகையின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் யாருக்கு அந்தப் பொறுப்பு என்பதை ஒரு முறை சரிபாருங்கள்.

உங்கள் அறிவிப்பில் நடு அசை போவதை மட்டுமே வைத்து இவ்வளவும் சொன்னேன். பின்னர் "வெள்" மட்டும் போனால் கோடெக் விழித்தெழுவதற்கு முன்னரே தரவு போகிறது. தொடக்கத்தில் சிறிது மௌனம் சேருங்கள். "தை" மட்டும் போனால் நிரல் வடியவிடாமல் சாதனத்தை மூடுகிறது. மூடுவதற்கு முன், மிச்சத் தரவு ஒலித்து முடியும் வரை காத்திருக்கும் டிரெயின் அழைப்பைச் சேருங்கள். இன்றிரவு பீரியட்டை இரட்டிக்கும் பரிசோதனையைச் செய்துவிட்டு, வெட்டுகளின் இரு இடைவெளிகளையும் இன்டரப்ட் கையாளியின் வரிகளையும் தாருங்கள். எண்ணி கூடும் வரி அறிவிப்புக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.